நியூசிலாந்தில் கேம்பர்வேன்: கேளுங்கள், சொல்கிறேன்

கிறைஸ்ட்சர்ச்சில் குடியிருக்கிறேன். படுக்கையும் அடுப்பும் உள்ள வாடகை வேனில் நியூசிலாந்தின் வடக்கு, தெற்கு என்ற இரண்டு தீவுகளையும் ஆறு முறை சுற்றியாயிற்று. விசாவும் விமான டிக்கெட்டும் என் துறை இல்லை. வேன், சாலை, படுக்கை, சமையல், கழிவு பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள்.

கோவையிலிருந்து: அண்ணா, 12 நாள் இருக்கிறது. ஆக்லாந்தில் வேன் எடுத்து, ரோட்டோருவா, பனிப்பாறை, மில்ஃபோர்டு எல்லாம் பார்த்துவிட்டுக் குவீன்ஸ்டவுனில் விடலாமா?

விடலாம். ஆனால் ஊர் திரும்பியதும் கண்ணாடி வழியாகப் பார்த்த தார்ச்சாலைதான் நினைவில் இருக்கும். ஆக்லாந்தும் ரோட்டோருவாவும் வடக்குத் தீவு, நீங்கள் சொன்ன மற்றவை தெற்குத் தீவு. 12 நாளுக்கு ஒரு தீவு போதும். மேப் நாலு மணி நேரம் என்றால் வேனுக்கு ஐந்தரை என்று வைத்துக்கொள்ளுங்கள். 3.5 டன்னைத் தாண்டிய வேனுக்கு வேக வரம்பே மணிக்கு 90 கிலோமீட்டர்தான். வளைவுகளில் அதுவும் போக முடியாது. ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர், இருட்டுவதற்குள் நிறுத்தம். இதை இன்றைக்கு இன்னும் பலமுறை சொல்லப் போகிறேன் என்று தெரியும்.

சென்னையிலிருந்து: நம் ஊர் லைசென்ஸ் செல்லுமா? இவ்வளவு பெரிய வண்டி ஓட்டியதில்லை.

லைசென்ஸ் ஆங்கிலத்தில் இருந்தால் செல்லும். 6,000 கிலோ வரை கார் லைசென்ஸே போதும். நம் ஊர் போலவே இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும்.

பயப்பட வேண்டியது வண்டியின் அளவுக்கு அல்ல, ஒருவழிப் பாலங்களுக்கு. தெற்குத் தீவின் மேற்குக் கரையில் 6ஆம் எண் நெடுஞ்சாலையில் அடுத்தடுத்து வரும். சிவப்பு வளையப் பலகையில் நம் திசை அம்பு சிறியதாக, சிவப்பாக இருந்தால் நாம் நின்று எதிரே வருபவருக்கு வழிவிட வேண்டும். நீலப் பலகையில் நம் திசையில் பெரிய வெள்ளை அம்பு இருந்தால் முதல் உரிமை நமக்கு. அப்போதும் எட்டிப் பார்த்துவிட்டே ஏறுங்கள், எதிரே வருபவரும் நேற்று விமானத்தில் வந்து இறங்கியவராக இருக்கலாம். பின்னால் நாலு கார் சேர்ந்துவிட்டால் ஓரம் கட்டி அவர்களைப் போகவிடுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து: அங்கே பெட்ரோலைவிட டீசல் விலை குறைவு என்று பார்த்தேன். டீசல் வேன் லாபம்தானே?

எல்லோரும் விழும் பள்ளம் இது. பெட்ரோலுக்கான சாலை வரி பம்ப் விலையிலேயே அடங்கிவிடும். டீசல் வண்டிக்கு ஓடிய தூரத்துக்குத் தனி வரி உண்டு. சிறிய வண்டிகளுக்கு 1,000 கிலோமீட்டருக்கு 76 நியூசிலாந்து டாலர் என்ற கணக்கு. வேனைத் திருப்பித் தரும் நாளில் மீட்டரைப் பார்த்து வாடகை நிறுவனம் உங்களிடம் வாங்கும், சிலர் மேலே கொஞ்சம் சேர்த்தும் வாங்குவார்கள். ஒப்பந்தத்தில் அந்தச் சாலை வரி பற்றிய பகுதியைத் தேடிப் படியுங்கள். கூடவே காப்பீட்டில் மேற்கூரைக்கும் அடிப்பகுதிக்கும் ஏற்படும் சேதம் அடங்குமா என்றும் பாருங்கள். காற்றில் கதவு பிய்த்துக்கொண்டு போனால் யார் பொறுப்பு என்பதையும் கேட்டுவிடுங்கள். இங்கே காற்று விளையாட்டல்ல.

டொராண்டோவிலிருந்து: அண்ணை, வழியில விரும்பின இடத்தில நிப்பாட்டிப் படுக்கலாமோ?

முடியாது தம்பி. பழைய காணொளிகளைப் பார்த்து வருகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். வெளியிடங்களில் இலவசமாகத் தங்க 2011 சட்டம் ஓரளவு இடம் கொடுத்தது, 2023இல் அதை இறுக்கினார்கள். இலவச இடங்கள் பலவற்றில் தங்க, வேனுக்குப் பச்சைச் சான்று வேண்டும், அதாவது கழிவை வெளியே விடாமல் உள்ளேயே வைத்துக்கொள்ளும் வேன் என்ற சான்று. அதற்கு உள்ளேயே பொருத்திய கழிப்பறை வேண்டும், தூக்கி வைக்கும் வாளி மாதிரிக் கழிப்பறை இப்போது செல்லாது. அபராதம் 400 டாலரிலிருந்து.

காசு மிச்சம் பிடிக்க வேண்டுமானால் இயற்கை பாதுகாப்புத் துறையின் முகாம்களுக்குப் போங்கள். ஆவோராக்கி (மவுண்ட் குக்) மலையடியில் ஒயிட் ஹார்ஸ் ஹில் முகாம் இருக்கிறது. காலையில் வேன் கதவைத் திறந்தால் பனிமலை முகத்துக்கு நேரே நிற்கும். மூன்று நாளுக்கு ஒருமுறை மின் இணைப்புள்ள ஹாலிடே பார்க்கில், அதாவது கட்டண முகாமில் தங்கி, பேட்டரி ஏற்றி, துணி துவைத்து, வெந்நீரில் குளித்துக்கொள்ளுங்கள்.

மதுரையிலிருந்து: கேட்கவே கூச்சமாக இருக்கிறது. அந்தக் கழிப்பறையை யார் காலி செய்வது?

நீங்கள்தான். கூச்சப்படாமல் படியுங்கள்.

வேனின் வெளிப்புறத்தில் ஒரு சிறிய கதவு இருக்கும். அதற்குள் சக்கரம் வைத்த பெட்டி. முதலில் உள்ளே போய்க் கழிப்பறையின் அடியில் இருக்கும் தகட்டை மூடிவிட்டு வாருங்கள், அது திறந்திருந்தால் பெட்டி அசையாது. இழுத்து, உருட்டிக்கொண்டு கழிவு நிலையத்துக்குப் போங்கள். ஹாலிடே பார்க்குகளிலும் பல ஊர்களிலும் உண்டு. பெட்டியின் குழாயைத் திருப்பி மூடியைக் கழற்றி, காற்றுப் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தியபடி ஊற்றுங்கள். பொத்தானை மறந்தால் குபுக் குபுக்கென்று வந்து காலில் தெறிக்கும். இரண்டு முறை அலசுங்கள், அலசுவதற்கென்று இருக்கும் குழாயில் மட்டும். பக்கத்தில் இருக்கும் குடிநீர்க் குழாயை இதற்குத் தொடவே கூடாது. கடைசியில் கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் ரசாயனம். ஐந்து நிமிட வேலை.

பெங்களூரிலிருந்து: இதெல்லாம் தேவையே இல்லை. நாங்கள் 15 நாள் சுற்றினோம், கழிப்பறையில் சூட்கேஸை வைத்துவிட்டோம். பெட்ரோல் பங்க், கஃபே போதும்.

இரவு இரண்டு மணிக்கு எந்த கஃபே திறந்திருந்தது? படுக்கையை விரித்த பிறகும் உள்ளே கழிப்பறை பயன்படுத்தும்படி இருக்க வேண்டும் என்பதுதான் விதி. சூட்கேஸை வைத்தால் சான்று எதற்கு?

மெல்பர்னிலிருந்து: பெங்களூர்க்காரர் சொல்வது சரி. சமைத்துச் சாப்பிடும் இடத்துக்கு மூன்றடியில் கழிப்பறை, எங்கள் அம்மா வேனிலேயே ஏற மாட்டார்.

அம்மாவின் நியாயம் எனக்கும் புரிகிறது. அப்படியானால் கார் எடுத்து மோட்டலில் தங்குங்கள், இருவருக்குச் செலவும் பெரிதாக ஏறாது. வேனையும் எடுத்துக்கொண்டு, கழிப்பறையையும் பூட்டிவிட்டு, ஏரிக்கரைப் புதருக்குள் ஒதுங்குவதைத்தான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இங்கே ஊர்க்காரர்கள் கொதித்தெழுந்து சட்டத்தை இறுக்கியதற்கு அந்தப் புதர்களும் காரணம்.

பெங்களூரிலிருந்து: நாங்கள் புதருக்குப் போகவில்லை!

சரி, உங்களைச் சொல்லவில்லை. மற்றவர்களைச் சொன்னேன்.

திருச்சியிலிருந்து: 10 நாளில் இரண்டு தீவும் முடியுமா?

கோவைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து: சாப்பாட்டுச் சாமான் கொண்டுவரலாமோ? வேனுக்குள்ள கறி வைக்கலாமோ?

கொண்டுவரும் உணவு அத்தனையையும் வருவதற்கு முன் இணையத்தில் நிரப்பும் பயணி அறிவிப்புப் படிவத்தில் எழுதிவிடுங்கள். எழுதியதைப் பிடித்துவைத்தால் பொருள்தான் போகும், எழுதாமல் மாட்டினால் அங்கேயே 400 டாலர். தேன் உள்ளே வரவே வராது. சேறு ஒட்டிய காலணியையும் சொல்ல வேண்டும். பொடி, கறிவேப்பிலை எல்லாம் ஆக்லாந்திலும் இங்கேயும் இந்தியக் கடைகளில் கிடைக்கும்.

கறி தாராளமாக வைக்கலாம், இரண்டு அடுப்பு இருக்கும். ஆனால் மிளகாயைத் தாளித்த மறுநொடி புகை அலாரம் கத்தும். கூரை ஜன்னலையும் கதவையும் திறந்துவைத்துத் தாளியுங்கள். அலாரத்தைக் கழற்றாதீர்கள், அடுப்பும் படுக்கையும் ஒரே அறை.

புதுச்சேரியிலிருந்து: படகில் வேனை ஏற்றுவது கஷ்டமா?

இல்லை. வடக்குத் தீவின் வெலிங்டனிலிருந்து தெற்குத் தீவின் பிக்டனுக்கு மூன்றரை மணி நேரம். வேனின் நீளத்தைச் சரியாகச் சொல்லிப் பதிவு செய்யுங்கள், ஏறும் முன் கேஸ் வால்வை மூடுங்கள். கடல் குலுக்கும், வயிற்றைக் காலியாக வைக்காதீர்கள்.

சேலத்திலிருந்து: ஜூலையில் மில்ஃபோர்டு போகலாமா? 9 நாளில் இரண்டு தீவும்...

இரண்டாவது பாதியை நான் பார்க்கவில்லை.

மில்ஃபோர்டு போகலாம். வழியில் வரும் டெ அனா ஊரில் டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள், அங்கிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர். மே முதல் நவம்பர் வரை டயர் செயின் கையில் இருக்க வேண்டும், பனிச்சரிவு அபாயம் இருந்தால் சாலையை மூடிவிடுவார்கள். ஹோமர் சுரங்கத்துக்கு முன் நிற்கும்போது கியா என்ற மலைக்கிளிகள் வரும். பச்சை உடம்பு, இறக்கையின் அடியில் ஆரஞ்சு. போன முறை ஒன்று என் வேன் மேல் உட்கார்ந்து, ஜன்னல் ரப்பரை நூல் பிரிப்பதுபோல் நிதானமாக உரித்தது. கையைத் தட்டினேன், தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு மறுபடி உரித்தது. தீனி மட்டும் போடாதீர்கள். கீழே இறங்கினால் மணல் ஈ கடிக்கும், முழுக்கால் சட்டை போடுங்கள்.

பெங்களூரிலிருந்து: அடுத்த பிப்ரவரியில் மறுபடி வருகிறோம். அந்த ரசாயனம் எங்கே கிடைக்கும்?

வேன் எடுக்கும் இடத்திலேயே கேளுங்கள். ஹாலிடே பார்க் கடைகளிலும் இருக்கும். கையுறையும் ஒரு பாக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள்.