யுரேனியம் ஒருவரிடம், கனநீர் இன்னொருவரிடம்: அணுசக்தி கேள்வி பதில்

கே: அமெரிக்க அதிபர் ஐசனோவர் 1953-ல் ஐ.நா.வில் 'அமைதிக்கான அணு' என்று பேசினாரே, அதற்கு முன்பு நாடுகள் கூட்டாக அணு உலை கட்டியதே இல்லையா?

ப: உண்டு. நார்வேயும் நெதர்லாந்தும் கட்டின. எனக்கு ரொம்பப் பிடித்த கதை இது. நெதர்லாந்து 1939-லேயே பெல்ஜியத்திடம் சுமார் 10 டன் யுரேனிய ஆக்சைடு வாங்கியிருந்தது. ஜெர்மனி நாட்டைப் பிடித்து வைத்திருந்த காலம் முழுக்க அது டெல்ஃப்ட் நகரில் பதுங்கிக் கிடந்தது. நார்வேயிடம் கனநீர், அதாவது கனமான ஹைட்ரஜன் கொண்ட தண்ணீர், இருந்தது; ரியூக்கான் உர ஆலையின் உபபொருள் அது. போர் முடிந்ததும் இரண்டு பேரும் கை கோத்தார்கள். பிரிட்டன் அந்த ஆக்சைடை வாங்கிக்கொண்டு யுரேனிய உலோகம் கொடுத்தது. 1951-ல் ஆஸ்லோவுக்குப் பக்கத்தில் ஷெல்லரில் உலை ஓடியது. பெயர் 'ஜீப்'!

கே: கனநீர்தான் வேண்டுமா? சாதாரணத் தண்ணீர் ஆகாதா?

ப: இயற்கை யுரேனியத்துக்கு ஆகாது. அதில் எளிதில் பிளக்கும் யுரேனியம்-235 வெறும் 0.7 சதவீதம். சாதாரணத் தண்ணீர் நியூட்ரான்களை நிறைய விழுங்கிவிடும், அணுக்கள் ஒன்றையடுத்து ஒன்று பிளக்கும் தொடர்வினை நின்றுபோகும். கனநீர் நியூட்ரான்களை அதிகம் விழுங்காமல் அவற்றின் வேகத்தை மட்டும் குறைக்கும்.

கே: 1955-ல் ஜெனீவாவில் நடந்த ஐ.நா. அணுசக்தி மாநாட்டுக்கு ஹோமி பாபா தலைமை தாங்கியது தெரியும். வேறென்ன விசேஷம்?

ப: அமெரிக்கர்கள் உலையையே விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார்கள். கிணற்றை எட்டிப் பார்ப்பது மாதிரி தொட்டிக்குள் பார்த்தால், அடியில் நீலமாக ஒளிரும். அதுவரை அணு என்றால் ரகசியம். இங்கே கூட்டம் கூட்டமாக வந்து வேடிக்கை பார்த்தார்கள். அப்புறம் அதை சுவிட்சர்லாந்து விலைக்கு வாங்கிக்கொண்டது. மறுவருடம் மும்பை டிராம்பேயில் ஓடிய நம் அப்சரா உலையும் இதே குளத்து வகைதான். எரிபொருள் பிரிட்டன் தந்தது.

கே: உதவி வாங்கிக் குண்டு வெடித்தோம் என்று கனடா கோபித்தது நியாயமா?

ப: பாதி நியாயம். சைரஸ் உலை கனடா கொடுத்தது, கனநீர் அமெரிக்கா கொடுத்தது. 1956 ஒப்பந்தத்தில் 'அமைதிப் பணிக்கு மட்டும்' என்று வாக்குறுதி இருந்தது. வாக்கைக் காப்பாற்றுகிறோமா என்று வெளியார் வந்து பார்க்க வழி எழுதவில்லை. அப்படிக் கண்காணிக்கும் சர்வதேச அணுசக்தி முகமையே 1957-ல்தான் பிறந்தது. 1974-ல் பொக்ரானில் வெடித்த புளூட்டோனியம் சைரஸில் உண்டானது. 'இது அமைதி வெடிப்புதான்' என்றது டெல்லி. கனடா ஏற்கவில்லை, ஒத்துழைப்பை நிறுத்திவிட்டது. ராஜஸ்தானில் பாதியில் நின்ற இரண்டாவது உலையை நம்மவர்களே கட்டி முடிக்க வேண்டியதாயிற்று.