கடல் தாண்டி சைக்கிள்: வடசென்னை நண்பர்களின் கேள்விகளும் என் பதில்களும்

ஞாயிறு விடிகாலையில் திருவொற்றியூர் தேரடியில் சேர்ந்து எண்ணூர் வரைக்கும் மிதிக்கிற நம்ம கூட்டத்தில், இந்த வருஷம் பலர் சைக்கிளோடு வெளிநாடு போகணும்னு கிளம்பியிருக்காங்க. டீக்கடையில் நின்னுக்கிட்டு அரைகுறையா பதில் சொல்றது எனக்குத் திருப்தியா இல்லை. அதனால கேள்விகளை எழுதித் தரச் சொன்னேன். எங்க அப்பா தண்டையார்பேட்டையில் வாடகை சைக்கிள் கடை வெச்சிருந்தார். பஞ்சர் ஒட்டக் கத்துக்கிட்டது அங்கதான். இலங்கை, வியட்நாம், ஆஸ்திரியா, ஜப்பான்னு நாலு நாட்டில் மிதிச்சிருக்கேன்.

வியாசர்பாடி தம்பி: அக்கா, எனக்கு இதான் முதல் தடவை. எந்த நாட்டுக்குப் போறது? எல்லாரும் ஐரோப்பாங்கறாங்க.

இலங்கைக்குப் போ தம்பி. நம்மைப் போலவே இடதுபக்கம் ஓட்டுற நாடு. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் தமிழிலேயே வழி கேட்கலாம். வண்டியில் என்ன கோளாறுன்னு தமிழிலேயே சொல்லலாம். அது எவ்வளவு பெரிய பலம்னு அறுந்த செயினைக் கையில் வெச்சுக்கிட்டு நிக்கும்போது தெரியும். பெரிய ரோட்டில் தனியார் பஸ்கள் ஒண்ணை ஒண்ணு முந்துற வேகம்தான் அங்க உண்மையான ஆபத்து. பின்னால ஹார்ன் கேட்டா தாரை விட்டு மண்ணில் இறங்கிடு, ரோஷம் பார்க்காதே. குளக்கரை ஓரமா போற சின்ன ரோடு கிடைச்சா அதைப் பிடி. அதிவேக நெடுஞ்சாலைகளில் சைக்கிளை விடமாட்டாங்க. புத்தல – கதிர்காமம் மாதிரி யானை நடமாட்டம் உள்ள ரோட்டுக்குப் போனா, கிளம்புற ஊர்க் கடையில் விசாரிச்சுட்டுப் போ. பொழுது சாயறதுக்குள்ள அடுத்த ஊரில் இருக்கணும்.

ராயபுரத்திலிருந்து ஒருவர்: வலதுபக்கம் ஓட்டுற நாட்டில் குழப்பம் வராதா?

வரும். வியட்நாம், ஆஸ்திரியா, ஜெர்மனி, நெதர்லாந்து எல்லாம் வலது. ஜப்பான், தாய்லாந்து, மலேசியா, ஆஸ்திரேலியா இடது. ரோட்டில் வண்டிங்க போய்க்கிட்டு இருக்கும்போது தப்பு வராது. முன்னாடி போறவரைப் பார்த்து நாமும் போயிடுவோம். ரோடு காலியா இருக்கும்போது, அதுவும் நின்னுட்டுத் திரும்பக் கிளம்பும்போதுதான் வரும்.

வியட்நாமின் ஹுவே ஊரில் ஒரு நாள் காலை, மணி 5:30 இருக்கும். காபி குடிச்சிட்டு ஏறி உட்கார்ந்தேன். ரோட்டில் ஈ காக்கா இல்லை. கால் தன்னால இடது ஓரத்துக்குக் கொண்டு போயிடுச்சு. அரைக் கிலோமீட்டர் போயிருப்பேன், எதிரே ஸ்கூட்டரில் கீரைக்கட்டு வெச்சுக்கிட்டு ஒரு அம்மா நேருக்கு நேர் வந்துட்டாங்க. வண்டியை நிறுத்தி, கையை ரோட்டோட மறுபக்கம் நீட்டி ரெண்டு தடவை வீசிக் காட்டினாங்க. ஒரு வார்த்தை திட்டலை. எனக்குக் கை நடுக்கம் நிக்கவே கொஞ்ச நேரம் ஆச்சு.

அன்னையிலிருந்து அந்த மாதிரி நாட்டுக்குப் போனா, ஹேண்டில்பாரின் வலது முனையில் சிவப்பு டேப் சுத்திடுவேன். சிவப்பு இருக்கிற பக்கம் ரோட்டோரம் இருக்கணும். பின்னால பார்க்கிற கண்ணாடியை இடது கைப்பிடிக்கு மாத்திடுங்க. ரோட்டைக் குறுக்கே கடக்கும்போது முதல் வண்டி இடதுபக்கத்திலிருந்து வரும். நம்ம கழுத்தோ பழக்கதோஷத்தில் வலதுபக்கம் திரும்பும். ரவுண்டானாவை கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுத்தணும். இன்னொண்ணு: ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் சிக்னலோ போர்டோ இல்லாத முக்கில், வலதுபக்கத்திலிருந்து வர்ற வண்டிக்குத்தான் முன்னுரிமை. வயல் நடுவே இருக்கிற சின்ன முக்கிலும் இதை விடாம கடைப்பிடிக்கிறாங்க.

காசிமேடு தம்பி: எங்க அப்பா போட்ல போறவரு, காத்தைப் பார்த்துத்தான் கிளம்புவாரு. சைக்கிளுக்கும் அது தேவையாக்கா?

இந்தக் கேள்வியை வேற யாருமே கேட்கலை தம்பி. எந்த ஊருன்னு முடிவு பண்றதுக்கு அடுத்தபடியா, எந்த முனையிலிருந்து கிளம்பணும்னு முடிவு பண்ணணும். அதைச் சொல்றது காத்துதான்.

நீ மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போற, எதிரே அதே 15-ல் காத்து அடிக்குதுன்னு வெச்சுக்கோ. உன் மேல மோதுற காத்து 30 ஆயிடும். தடை ரெண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்கு ஆகும். மலை ஏறினா இறக்கம்னு ஒண்ணு வரும். எதிர்க்காத்தில் நாள் முழுக்க மிதிச்சாலும் அப்படி ஒரு இடம் வராது.

இலங்கையில் மே முதல் செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குக் காத்து. யாழ்ப்பாணத்தில் அதைச் சோளகம்னு சொல்வாங்க. அப்போ தெற்கே தொடங்கி வடக்கே முடி. டிசம்பர் முதல் பிப்ரவரி வரைக்கும் வாடை. அப்போ பருத்தித்துறையில் தொடங்கி தெற்கே இறங்கு. வியட்நாம் கடலோரத்திலும் குளிர்காலத்தில் வடகிழக்குக் காத்து, ஹனோயிலிருந்து தெற்கே வர்றதுதான் சுகம். ஆனா அக்டோபர், நவம்பரில் நடு வியட்நாமில் புயலும் வெள்ளமும் வரும், ஜனவரிக்கு அப்புறம் போ. ஆஸ்திரியாவில் டான்யூப் ஆத்தங்கரைப் பாதை, ஜெர்மனி எல்லையில் இருக்கிற பாசாவிலிருந்து வியன்னா வரைக்கும் சுமார் 320 கிலோமீட்டர். மேற்கேயிருந்துதான் பெரும்பாலும் காத்து, ஆத்தோட ஓட்டமும் கிழக்கே. பாசாவில் தொடங்கினவங்க சிரிச்சுக்கிட்டே மிதிக்கிறதைப் பார்த்தேன். எதிரே வந்தவங்க தலை நிமிரலை.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரி தாண்டும்போது முதல்ல வெளியே தள்ளி, அப்புறம் உள்ளே இழுக்குமே, அந்தப் பழக்கம் உனக்குப் பெரிய சொத்து. வியட்நாமின் 1ஏ நெடுஞ்சாலையில் அதேதான். ஹுவேக்கும் டா நாங்குக்கும் நடுவில் 496 மீட்டர் உயரத்தில் ஹாய் வான் கணவாய் இருக்கு. 2005-ல் சுரங்கப்பாதை திறந்ததும் பெரும்பாலான லாரிங்க அதுக்குள்ள போயிடுச்சு. சுரங்கத்தில் சைக்கிள் மிதிக்க அனுமதி இல்லை. அதனால கணவாய் ரோடு நமக்கு அமைதியா கிடைக்குது.

பெரம்பூரிலிருந்து ஒருவர்: விமானத்தில் சைக்கிளை எப்படிக் கொண்டு போறது?

புது சைக்கிள் வர்ற அட்டைப்பெட்டியை கடையில் கேட்டா பெரும்பாலும் சும்மாவே தருவாங்க. கூடவே முன் சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க் நடுவில் மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் கட்டையையும் கேட்டு வாங்குங்க. அது இல்லாம பெட்டி மேல பாரம் ஏறினா ஃபோர்க் நசுங்கும். பெடலைக் கழட்டும்போது இடது பெடலுக்கு மரை எதிர்த்திசை. ஸ்பானரை மேல் நோக்கி வெச்சு, எந்தப் பக்கமா இருந்தாலும் பின் சக்கரத்தைப் பார்த்து இழுத்தா கழண்டு வரும். டிஸ்க் பிரேக் இருந்தா, சக்கரத்தைக் கழட்டினதும் பேடு நடுவில் மடிச்ச அட்டையைச் செருகுங்க. டயரில் காத்தைக் குறைங்க.

பின்னால கியர் மாத்துற டெரைலரைக் கண்டிப்பா கழட்டி, துணியில் சுத்தி, ஃப்ரேமுக்கு உள்பக்கம் கட்டுங்க. நான் ஒரு பயணத்தில் சோம்பல்பட்டு அப்படியே விட்டேன். இறங்கிப் பெட்டியைத் திறந்தா, டெரைலரை ஃப்ரேமில் மாட்டுற ஹேங்கர் உள்ளே வளைஞ்சு, செயின் சக்கரத்துக் கம்பியில் உரசுது. ரெண்டு நாள் ஒரே கியரில் மிதிச்சேன். ஹேங்கர் உள்ளங்கையில் அடங்குற சின்ன உலோகத் துண்டு, வண்டிக்கு வண்டி வேற மாதிரி இருக்கும். உங்க வண்டிக்குப் பொருந்துறது ஒண்ணு பையில் இருக்கட்டும்.

பவர் பேங்க் கைப்பையில்தான் போகணும். பேட்டரி சைக்கிளைப் பத்தி ரெண்டு பேர் கேட்டிருந்தாங்க: பயணிகள் விமானத்தில் 160 வாட்-ஹவருக்கு மேல லித்தியம் பேட்டரி ஏத்தமாட்டாங்க. அந்த சைக்கிள்களின் பேட்டரி பொதுவா அதுக்கு மேலதான், போற இடத்தில் வாடகைக்கு எடுங்க. யாழ்ப்பாணத்துக்குப் போற சின்ன விமானத்தில் பெட்டி ஏறுமான்னு டிக்கெட் எடுக்கிறதுக்கு முன்னாடியே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்க.

பழைய வண்ணாரப்பேட்டை, ஓய்வுபெற்றவர்: 40 வருஷமா ஓட்டும் 28 இன்ச் வண்டி. அதையே கொண்டு போகலாமாம்மா?

ஐயா, யாழ்ப்பாணத்துக்கு தாராளமா. சமதரை, அதுக்கேத்த வண்டி, கைக்குப் பழகின வண்டி. மலைநாட்டுக்கு வேண்டாம்: மழையில் நனைஞ்ச இரும்பு ரிம்மை ராடு பிரேக் பிடிக்கவே பிடிக்காது, இறக்கத்தில் உயிருக்கு ஆபத்து.

வேற நாட்டுக்குன்னா டயர் கிடைக்கிறதுதான் பிரச்சினை. 28 இன்ச்சும், வெளிநாட்டு வண்டிங்கள்ல சாதாரணமா வர்ற 700சி அளவும் ஒண்ணுதான்னு சிலர் சொல்வாங்க, அது தப்பு. நம்ம 28-க்கு ரிம் அளவு 635 மில்லிமீட்டர், 700சி-க்கு 622. அந்த 13 மில்லிமீட்டரை எந்த மெக்கானிக்காலும் சரிக்கட்ட முடியாது. டயர் ஓரத்தில் அச்சடிச்சிருக்கும் இந்த எண்ணைக் குறிச்சு வெச்சுக்கச் சொல்லி எல்லாருக்கும் சொல்றேன். மொழி தெரியாத கடையிலும் அதைக் காட்டினா போதும். வால்வும் அப்படித்தான். பைக் டியூபில் இருக்கிற மாதிரி தடி வால்வுன்னா எந்தப் பங்க்கிலும் காத்து அடிக்கலாம். மெல்லிசான பிரஸ்டா வால்வுன்னா, சுண்டுவிரல் நகம் அளவு ஒரு பித்தளை அடாப்டர் வேணும். நான் அதை வால்வு மேலேயே திருகி வெச்சிருக்கேன்.

கொடுங்கையூர் தங்கை: தனியா ஒரு பொண்ணு போகலாமா அக்கா?

போகலாம்மா, நானே போயிருக்கேன். ஆனா பயமே வேணாம்னு சொல்லமாட்டேன். மதியம் 3 மணிக்கு மேல புது ஊரைத் தேடிப் போகாதே; தங்குற இடம் முந்தின ராத்திரியே முடிவாகியிருக்கணும். இன்னிக்கு எங்க தங்குறேன்னு ரோட்டில் கேட்கிறவங்களுக்கு நான் தாண்டி வந்த ஊர்ப் பேரைத்தான் சொல்வேன். வீட்டில் ஒருத்தருக்கு லொகேஷன் போய்க்கிட்டே இருக்கணும். சாப்பாட்டுக் கடை நடத்துற பெண்கள்கிட்ட உட்கார்ந்து பேசு, அந்த ஊரில் எந்த ரோடு சரி, எது சரியில்லைன்னு அவங்களுக்குத் தெரியும். பேட் வெச்ச சைக்கிள் ஷார்ட்ஸுக்குள்ள வேற உள்ளாடை போடாதே, தையல் உரசிப் புண்ணாயிடும். இதை எனக்கு யாரும் சொல்லலை, அதனால நான் சொல்றேன்.

திருவொற்றியூர்: நம்ம ஊரில் மேடே இல்லை. நுவரெலியாவுக்கு எப்படிப் பழகுறது?

இலங்கை மலைநாட்டில் இருக்கிற நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், கண்டி ஏறக்குறைய 500. மேம்பாலத்தைப் பத்து தடவை ஏறி இறங்கினா அதுக்குக் காணாது. ரயிலில் ஜோலார்பேட்டை போய் ஏலகிரி ஏறு. 14 கொண்டை ஊசி வளைவு இருக்கு. ஏறும்போது பேச முடியுற வேகத்தில் போ. இறங்கும்போது பிரேக்கை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே வராதே, ரிம் சூடேறும். விட்டு விட்டுப் பிடி. மேல போனதும் வேர்த்த சட்டையை மாத்திக் காத்துத் தடுக்கிற ஜாக்கெட் போடு.

எருக்கஞ்சேரி: ஜப்பானில் ரயிலில் ஏத்தலாமா?

சக்கரத்தைக் கழட்டி முழுசா பைக்குள்ள போட்டா ஏத்தலாம், அந்தப் பைக்கு ரின்கோ பைன்னு பேரு. ஒனோமிச்சியிலிருந்து இமாபாரி வரைக்கும் தீவு தீவா பாலம் தாண்டிப் போற ஷிமானாமி பாதை சுமார் 70 கிலோமீட்டர். ரோட்டில் போட்டிருக்கும் நீலக்கோட்டைப் பிடிச்சுக்கிட்டே போகலாம். மிதிக்கும்போது செல்போனைத் தொடாதீங்க, 2024 நவம்பரிலிருந்து அதுக்கு அபராதம், சிறைத்தண்டனை வரைக்கும் உண்டு.

மணலி தம்பி: எப்போ தயார்னு எப்படித் தெரியும்?

கொண்டு போகப் போற அத்தனை பையையும் மாட்டிக்கிட்டு பழவேற்காடு வரைக்கும் போ. ராத்திரி அந்தப் பக்கமே தங்கி, மறுநாள் அதே பாரத்தோட திரும்பு. இப்படி வாரத்துக்கு ஒரு தடவையா ரெண்டு வாரம் செஞ்சிட்டு, எதையெல்லாம் ரெண்டு தடவையும் பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லையோ அதையெல்லாம் வீட்டில் வெச்சிடு; மழைக்கோட்டு, மருந்து, ரிப்பேர் சாமான் மட்டும் எடுக்கலைன்னாலும் கூடவே இருக்கட்டும். வர்ற சனிக்கிழமை நான் போறேன். 4:30-க்கு தேரடியில் நில்லு, சேர்ந்து போகலாம்.