கரடியைக் காணோம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

விண்மீன்களைத் துரத்திப் போனவர்கள், விண்மீனாகவே மாறிப்போனவர்கள் பற்றிய நாட்டுப்புறக் கதைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறேன். கனடாவின் மிக்மாக் மக்களுடைய கரடி வேட்டைக் கதையைச் சொல்லிவிட்டு, ஐப்பசியில் மொட்டைமாடிக்கு அழைத்துப் போனேன். கரடி இலையுதிர் காலத்தில்தானே அடிபடுகிறது? மேகமே இல்லை. ஆனால் எட்டு மணி வரை நின்றும் சப்தரிஷி மண்டலம் தென்படவில்லை. பிழை எங்கே? இன்னொன்று: கார்த்திகைப் பெண்களை ஒருவன் துரத்தும் கதை கிரேக்கத்திலும் உண்டு, ஆஸ்திரேலியாவிலும் உண்டு. ஒரே கதைதான் பரவியதா?

க., தென்காசி

அன்புள்ள க.,

கதையில் பிழையில்லை. தென்காசி அந்தக் கதைக்குத் தோதான ஊர் இல்லை, அவ்வளவுதான்.

அந்த வேட்டையை நம் பெயர்களில் சொல்கிறேன். சப்தரிஷியின் நாற்கரம் கரடி. வாலில் உள்ள அங்கிரஸ் ராபின் பறவை, வசிஷ்டர் சிக்கடி என்ற சிறு பறவை, மரீசி மூஸ் பறவை. சிக்கடியின் கையில் இருக்கும் சமையல் பானைதான் நம் அருந்ததி! இவர்களுக்குப் பின்னால் இன்னும் நான்கு வேட்டைக்காரப் பறவைகள். அவற்றில் ஓர் ஆந்தை, நம் சுவாதி. கோடை முழுக்கத் துரத்தல். இலையுதிர் காலம் நெருங்கியதும் பின்னால் வந்த நான்கும் தடம் தவறி விலகிவிட, மூன்றே மிஞ்சுகின்றன. ராபினின் அம்பில் கரடி சாய்கிறது. ராபின் உதறும் ரத்தம் பட்டு மேப்பிள் இலைகள் சிவக்கின்றன. உதற மறந்த ஒரு திட்டு அதன் மார்பிலேயே தங்கிவிட்டது. கறி வெந்த பிறகு மூஸ் பறவை மெல்ல வந்து பங்கு கேட்கிறது. எனக்குப் பிடித்த பாத்திரம் அதுதான்.

தடம் தவறுவது என்றால் என்ன? மிக்மாக் மக்களின் ஊர் ஏறத்தாழ 45 பாகை வடக்கில் இருக்கிறது. அங்கே சப்தரிஷி மண்டலம் மறைவதே இல்லை. சுவாதியும் அதன் துணைகளும் மட்டும் இலையுதிர் கால மாலைகளில் ஒவ்வொன்றாக அடிவானத்துக்குக் கீழே போகும். தென்காசி 9 பாகையில் இருக்கிறது. அங்கே வேட்டைக்காரர்களோடு கரடியும் சேர்ந்தே மறைந்துவிடும். ஐப்பசியில் அதைப் பார்க்க விடியலுக்கு முன்னால் வடகிழக்கே பார்க்க வேண்டும். (ஐப்பசிக் கல்யாணத்தில் அருந்ததியைக் காட்டும் சடங்கு எந்த அளவுக்கு நம்பிக்கையின் பேரில் நடக்கிறது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.) நிதானமாகப் பார்க்க வைகாசி நல்லது. இரவு ஒன்பது மணிக்கு வடக்கே, கையை நீட்டிப் பிடித்த முட்டியால் அளந்தால் நாலு முட்டி உயரம். அப்போது கரடி மல்லாந்து கிடக்கும். நாலு கால் ஊன்றி அடிவானத்தை ஒட்டி ஓடும் கரடியை நம் ஊர் வானில் எந்த மாதத்திலும் பார்க்க முடியாது.

இரண்டாவது கதைக்கு இந்தச் சிக்கல் இல்லை. கார்த்திகை, ரோகிணி, ஓரியன் என்ற வேட்டைக்காரன் உருவ விண்மீன் கூட்டத்தின் இடுப்பில் உள்ள மூன்று மீன்கள், சிரியஸ். நான்குமே வான நடுக்கோட்டை (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் ஓடும் கோட்டை) ஒட்டி இருப்பதால், மனிதர் குடியிருக்கும் இடமெல்லாம் ஏறத்தாழ இதே வரிசையில் உதிக்கும். உங்கள் ஊரில் கார்த்திகை உதித்து ஒரு மணி நேரத்தில் ரோகிணி, பிறகு ஒன்றேகால் மணியில் மூன்று மீன்கள், இன்னும் ஒன்றேகால் மணி கழித்துச் சிரியஸ். முன்னால் போவது முன்னாலேயே போகும், பின்னால் வருவது எட்டிப் பிடிக்காது. பார்த்தவர்கள் துரத்தல் கதை சொல்லாமல் வேறு என்ன சொல்வார்கள்?

கிரேக்கத்தில் ஓரியன் துரத்துகிறான். ஆஸ்திரேலியாவின் மேற்குப் பாலைவனத்தில் வாத்தி நீரு ஏழு சகோதரிகளைத் துரத்துகிறான். அங்கே ஓரியன் தலைகீழாகத் தெரிவான், ஆனால் வரிசை மாறாது. அரபியில் ரோகிணிக்கு அல்தபரான் என்று பெயர், பின்தொடர்பவன் என்று பொருள். அவன் சீர்வரிசையாகக் கொடுக்க ஒட்டகக் குட்டிகளை ஓட்டிக்கொண்டு கார்த்திகையைப் பெண் கேட்டு நடக்கிறான். ரிக்வேதத்தைச் சேர்ந்த ஐதரேய பிராமணம் என்ற நூலில் மானாகிய பிரஜாபதி ரோகிணியைத் துரத்துகிறார். அவரை எய்பவன் மிருகவியாதன், அதாவது சிரியஸ். மூன்று கணு கொண்ட அம்புதான் அந்த மூன்று மீன்கள். அந்த மூன்றையும் இணைக்கும் கோட்டை ஒரு பக்கம் நீட்டினால் ரோகிணிக்கு அருகே போகும், மறுபக்கம் நீட்டினால் சிரியஸுக்கு அருகே. இரு பக்கமும் தொலைவு ஒன்றுதான், இரண்டேகால் முட்டி. இந்தக் கதைகளில் எனக்குத் தெரிந்து வானத்தை இவ்வளவு கச்சிதமாக அளந்தது இதுதான்.

ஆகவே துரத்தலுக்குப் பொது மூலம் தேட வேண்டியதில்லை. கார்த்திகையில் கண்ணுக்கு ஆறுதானே தெரிகிறது, ஏன் பல ஊர்களில் ஏழு என்கிறார்கள் என்பது வேறு கேள்வி. கூட்டத்தில் இன்று ஒட்டித் தெரியும் இரண்டு மீன்கள் 1,00,000 ஆண்டுகளுக்கு முன் விலகி நின்று ஏழாகத் தெரிந்திருக்கும், கதை அவ்வளவு பழையது என்று ஆஸ்திரேலிய வானியலாளர்கள் ரே நோரிஸும் பார்னபி நோரிஸும் வாதிடுகிறார்கள். மீன்கள் நகர்ந்தது சரி. ஒரு கதை அவ்வளவு காலம் வாய்வழியாகப் பிழைத்தது என்பதற்கு அது போதாது என்பேன். நம் பக்கம் கணக்கு ஆறேதான், அறுமீன். மகாபாரதத்தில் ஸ்வாஹா ரிஷிபத்தினியர் அறுவரின் உருவை எடுக்கிறாள், அருந்ததியின் உரு மட்டும் கைகூடவில்லை. பழி விழுந்த அறுவரும் கணவர்களால் விலக்கப்பட்டுக் கார்த்திகை ஆனார்கள். அருந்ததி மட்டும் வசிஷ்டர் பக்கத்திலேயே.

பிள்ளைகளைத் திருக்கார்த்திகை அன்று அழைத்துப் போகாதீர்கள். முழுநிலா கார்த்திகையை ஒட்டியே நிற்பதால் கூட்டம் வெளிறிவிடும். மார்கழி அமாவாசையை ஒட்டி, இரவு எட்டரைக்கு, கிழக்கே மறைப்பில்லாத மாடி போதும். செந்நிறமாகத் தெரியும் ரோகிணிக்குப் பக்கத்தில் செவ்வாய் வந்து குழப்புவதுண்டு; மின்னாமல் எரிந்தால் அது செவ்வாய். கார்த்திகையை எண்ணும்போது நேராகப் பார்க்காமல் சற்று ஒதுங்கிப் பார்க்கச் சொல்லுங்கள், ஒன்றிரண்டு கூடுதலாகத் தெரியும்.