ஓர் இசையமைப்பாளரிடம் கேட்டவை: கச்சேரி, ஒலிப்பதிவு, சினிமா, புத்தகம்

கேள்வி (வயலின் கற்கும் மாணவி): நல்ல ஹெட்ஃபோன் இருக்கிறது, பதிவுகளும் எளிதாகக் கிடைக்கின்றன. இருந்தும் கச்சேரிக்கு நேரில் போய்த்தான் ஆக வேண்டுமா?

போங்கள், அரங்கத்தைக் கேட்பதற்காகவாவது. வில்லை எடுத்த பிறகும் ஸ்வரம் உடனே நிற்பதில்லை. சுவரிலும் கூரையிலும் பட்டுப் பட்டுத் தேய்ந்துதான் அடங்கும். பாஸ்டனில் 1900-இல் திறந்த சிம்பனி ஹாலில், ஆள் நிறைந்திருக்கும்போது, அதற்கு ஏறக்குறைய 2 நொடி ஆகும். அந்த அரங்கின் ஒலியமைப்புக்கு ஆலோசனை சொன்னவர் வாலஸ் சபைன் என்ற இயற்பியலாளர். அதற்கு முன் ஹார்வர்டில், பேசுவது யாருக்கும் புரியாத ஒரு விரிவுரைக் கூடத்தைச் சரிசெய்யும் வேலை அவரிடம் வந்தது. வேறொரு அரங்கின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் கொண்டுவந்து போட்டு, எத்தனை மெத்தைக்கு ஒலி எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று அளந்து பார்த்தார். இன்று அரங்கம் கட்டுபவர்கள் போடும் கணக்கு அங்கே பிறந்ததுதான்.

உட்கார்ந்திருக்கும் மனிதர்களும் அந்த மெத்தைகள் செய்த வேலையைத்தான் செய்கிறார்கள். காலி அரங்கில் ஒத்திகையின்போது பளீரென்று கேட்ட ட்ரம்பெட், கூட்டம் வந்ததும் கொஞ்சம் அடங்கிவிடும். தேர்ந்த கலைஞர்கள் அதைக் கவனித்து அங்கேயே வேகத்தை மாற்றுவார்கள். ஒலி நீண்டு தங்கும் இடத்தில் துரிதமான பகுதியைச் சற்று நிதானமாக எடுப்பார்கள், இல்லையென்றால் ஸ்வரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பிவிடும். பதிவில் இந்த முடிவுகள் ஏற்கெனவே முடிந்து போனவை. நேரில் அவை உங்கள் முன்னால் எடுக்கப்படுகின்றன.

கேள்வி: அப்படியானால் ஒலிப்பதிவு இரண்டாம்தரமா?

நிச்சயமாக இல்லை. அது தனிக் கலை. பியானோ கலைஞர் க்ளென் கூல்ட் 1964-இல் மேடையை விட்டே விலகி, ஸ்டூடியோவை மட்டும் தன் இடமாக வைத்துக்கொண்டார். ஒரே அடித்தளத்தைப் பலவிதமாக மாற்றிக் காட்டும் பாக்கின் கோல்ட்பர்க் வேரியேஷன்ஸை அவர் 1955-இல் ஒருமுறையும் 1981-இல் மறுமுறையும் ஸ்டூடியோவில் பதிவு செய்தார். முதலாவது சுமார் 38 நிமிடம், இரண்டாவது சுமார் 51. எல்லாவற்றையும் கேட்க நேரமில்லையென்றால், இரண்டிலும் ஆரியா என்ற தொடக்கப் பகுதியை மட்டும் அடுத்தடுத்துக் கேளுங்கள். 1955-இல் அது 2 நிமிடத்துக்குள் முடிகிறது. 1981-இல் 3 நிமிடம் எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு ஸ்வரமும் முழுதாக ஒலித்து முடியும்வரை அவர் காத்திருக்கிறார், நடுவே அவர் முணுமுணுத்துப் பாடுவதும் மைக்கில் விழுந்திருக்கிறது. எனக்கு 1981 பதிவுதான். முதல் பதிவின் துள்ளல் பிடித்தவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

கேள்வி: பாட்டு என்றால் ஏன் 3, 4 நிமிடம்?

பழைய 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அவ்வளவுதான் இடம். அந்த அளவு அப்படியே பழக்கமாகிவிட்டது. ஸ்ட்ராவின்ஸ்கி 1925-இல் ஒரு பியானோ ஸெரினேட் எழுதியபோது, நான்கு பகுதிகளில் ஒவ்வொன்றும் தட்டின் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும் என்று திட்டமிட்டே எழுதினார். கேட்டால் எங்கும் அவசரம் தெரியாது. எல்லையை முதலிலேயே தெரிந்துகொண்டு எழுதுவது எப்படி என்பதற்கு என் மாணவர்களுக்கு நான் காட்டுவது இதைத்தான்.

கேள்வி (குறும்படம் எடுப்பவர்): சார், 25-ஆவது நொடியில் கதவு அறைந்து சாத்தப்படுகிறது. இசையின் அடி அதே இடத்தில் விழ என்ன செய்வது?

மெட்டு யோசிப்பதற்கு முன் டெம்போவை, அதாவது தாளத்தின் வேகத்தை, தேடுங்கள். நிமிடத்துக்கு 100 அடி என்று வைத்தால் 25 நொடியில் 41 அடி போய், 42-ஆவது அடி பாதியில் இருக்கும்போது கதவு சாத்திக்கொள்ளும். 96 வைத்துப் பாருங்கள். சரியாக 40 அடி, அதாவது நான்கு நான்கு அடியாகப் பிரித்தால் 10 பார் (தாளச் சுற்று). கதவு 11-ஆவது பாரின் முதல் அடியில் வந்து விழும். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் அந்த டெம்போவுக்கு ஓர் அடி என்பது 15 ஃபிரேம், எடிட்டருக்கும் முழு எண்ணாகச் சொல்லிவிடலாம்.

அப்புறம், கதவில் அடி விழத்தான் வேண்டுமா என்றும் யோசியுங்கள். கதவுச் சத்தமே போதுமானதாக இருக்கலாம். பல சமயம் அடியை ஒரு நொடி தள்ளி, உள்ளே இருப்பவரின் முகத்தில் விழ விடுவது நன்றாக இருக்கும்.

கேள்வி: எடிட்டிங்கின்போது வேறு இசையைத் தற்காலிகமாகப் போட்டு வைக்கலாமா?

வேண்டாம் என்பதே என் கருத்து. வாரக்கணக்கில் கேட்டுக் கேட்டு இயக்குநர் அதில் கட்டுண்டுவிடுவார், புதிதாக எது வந்தாலும் குறைவாகத்தான் தோன்றும். இயக்குநர் குப்ரிக்கின் 1968 விண்வெளிப் படமான ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’க்கு இசையமைப்பாளர் அலெக்ஸ் நார்த் இசை எழுதிக் கொடுத்தார். படம் வந்ததோ ஏற்கெனவே பதிவாகியிருந்த பழைய இசைத்துண்டுகளோடு. தன் இசை ஒரு துளிகூட இல்லை என்பது படத்தைப் பார்த்தபோதுதான் நார்த்துக்குத் தெரிந்தது. படம் மகத்தானதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு சக கலைஞரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

கேள்வி: படத்துக்கு இசை தேவையில்லை என்று எப்போது சொல்வீர்கள்?

பொதுவாகச் சொல்ல முடியாது. சைக்கோவின் குளியலறைக் காட்சிக்கு இசை வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் நினைத்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் தந்தி வாத்தியங்களை மட்டும் வைத்து எழுதிக் காட்டியதும் மனம் மாறினார். இங்கே எஸ். பாலசந்தர் ‘அந்த நாள்’ (1954) படத்தைப் பாட்டே இல்லாமல் எடுத்தார். அவர் வீணை வித்துவான். இசை தெரிந்தவர் எடுத்த முடிவு என்பதால் அதை நான் இன்னும் மதிக்கிறேன்.

கேள்வி: புத்தகங்கள்?

கேட்கக் கற்க ஆரன் கோப்லண்ட் 1939-இல் எழுதிய அறிமுக நூல். ஒலியின் சுகம், உணர்ச்சி, அமைப்பு என்று கேட்பதை மூன்று தளமாகப் பிரித்துக் காட்டுகிறார். வாத்தியச் சேர்க்கைக்கு இசையமைப்பாளர் ரிம்ஸ்கி-கோர்சகோவ் எழுதிய நூல். உதாரணங்கள் எல்லாம் அவருடைய படைப்புகளிலிருந்தே எடுத்தவை, ஒவ்வொரு சேர்க்கையையும் ஏன் செய்தார் என்பதை எழுதியவரே சொல்கிறார் என்பதுதான் அதன் பலம். தமிழில் ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரம் (1917), விபுலானந்தரின் யாழ் நூல் (1947). இரண்டும் கனமானவை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை முதலில் படித்துவிட்டு யாழ் நூலுக்குப் போனால் பாதி தூரம் தாண்டியது போல.

கேள்வி: இசைக்குறிப்பைப் பார்த்துக்கொண்டே கேட்கலாமா?

முதல்முறை வேண்டாம். இரண்டாம் முறை வயோலாவின் (வயலினைவிடச் சற்றுப் பெரிய தந்தி வாத்தியம்) வரியை மட்டும் விரலால் தொடருங்கள். மெட்டு மேலே போய்க்கொண்டிருக்கும்போது நடுவில் யார் எதைத் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள் என்று தெரியும். பிறகு தாளை மூடிவிட்டு ஒருமுறை கேளுங்கள்.