லாபம் பரண் மேல் இருக்கிறது

கேள்வி: எனக்கு வயது 33. காட்பாடியில் வாடகை வீட்டில் மனைவி, மகள், அம்மாவுடன் வசிக்கிறேன். ராணிப்பேட்டையில் ஒரு தோல் காலணித் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். சேர்ந்து 4 ஆண்டு 2 மாதம் ஆகிறது. மொத்தச் சம்பளம் 20,800 ரூபாய். அதில் அடிப்படையும் பஞ்சப்படியும் 18,200. பழைய சைக்கிள்களை வாங்கிப் பிரித்து, பெயின்ட் அடித்து, கியர், டிஸ்க் பிரேக் என்று மாற்றி விற்பது என் பொழுதுபோக்கு. கடந்த ஓராண்டில் 19 சைக்கிள்கள் விற்று 1,52,000 ரூபாய் வந்தது. அவற்றுக்கு ஆன செலவு 98,000. லாபம் 54,000. இதே ஓராண்டில் வாங்கி, இன்னும் பொருத்தாமல் பரணில் இருக்கும் பாகங்களுக்கு ஒரு 60,000 ரூபாய் கொடுத்திருப்பேன். ஒரு சைக்கிளுக்கு சுமார் 16 மணி நேரம் ஆகிறது. மாதம் 7,000 வாடகையில் ஒரு கடை வருகிறது. மனைவியின் நகையை அடகு வைத்து 2 லட்சம் வாங்கி, வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கலாமா? வரி, ஜி.எஸ்.டி. உண்டா? சித்தூரிலிருந்தும் சிலர் கேட்கிறார்கள். 350 வாட் மோட்டார் பொருத்தித் தரச் சொல்கிறார்கள். தாத்தாவின் பழைய ராலே சைக்கிளுக்கு ஒருவர் 18,000 தருகிறேன் என்கிறார். அதை விற்கலாமா?

பதில்: வேலையை விட வேண்டாம். நகையைத் தொடவே வேண்டாம். சைக்கிளை மட்டும் விடாதீர்கள். காரணங்களை உங்கள் கணக்கிலிருந்தே எடுத்துக் காட்டுகிறேன்.

54,000 ரூபாய் லாபம் என்று எழுதியிருக்கிறீர்கள். விற்ற சைக்கிள்களின் வரவு செலவு மட்டுமே அதில் இருக்கிறது. பரண் அதில் இல்லை. ஓராண்டில் உங்கள் கையைவிட்டுப் போன பணம் 98,000-மும் 60,000-மும் சேர்த்து 1,58,000 ரூபாய். வந்தது 1,52,000. ஆக, ஆண்டு முடிவில் நீங்கள் கைப்பணத்தில் 6,000 ரூபாய் போட்டிருக்கிறீர்கள். பாகங்கள் சரக்குதானே, நஷ்டமில்லையே என்று கேட்பீர்கள். சரிதான். ஆனால் சரக்கை வாங்கிய விலைக்கு மதிப்பிடக் கூடாது; வாங்கிய விலை, இன்று விற்றால் கிடைக்கும் விலை, இரண்டில் எது குறைவோ அதைத்தான் எழுத வேண்டும். பரணில் இருக்கும் ஃபோர்க், பெடல் மாட்டும் கிராங்க், கியர் மாற்றும் டெரெய்லர், ரிம் எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் காசாக்க வேண்டுமென்றால் எவ்வளவு வரும்? பாதி வந்தால் நல்லது. அப்போது உங்கள் லாபம் 24,000 ரூபாய்தான்.

அந்தப் பாதியும் நாளுக்கு நாள் கரையும். வேலூர் வெயிலில் ஓட்டுக்கோ தகரத்துக்கோ அடியில் இரண்டு கோடை கிடந்த டயர், பக்கவாட்டில் வெடிப்பு விட்டிருக்கும். அதைப் பொருத்தி யாருக்கும் கொடுக்க முடியாது. அதோடு, 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் பாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. வரிக்கு முன் 10,000 ரூபாய் விலையுள்ள புது சைக்கிள் 11,200-க்குப் பதில் 10,500-க்குக் கிடைக்கிறது. வாங்குபவருக்கு நல்லதுதான். ஆனால் புதியதன் விலை இறங்கும்போது பழையதற்குக் கேட்கும் விலையும் இறங்கத்தான் வேண்டும். 12 சதவீத வரி கொடுத்து நீங்கள் வாங்கி வைத்த பாகமாக இருந்தால், வித்தியாசம் உங்கள் தலையில் விழும்.

இனி உழைப்பு. 19 சைக்கிள், தலா 16 மணி என்றால் 304 மணி நேரம். 24,000-ஐ அதால் வகுத்தால் மணிக்கு 79 ரூபாய். தொழிற்சாலையில் மாதம் 26 நாள், நாளுக்கு 8 மணி என்று வைத்தால் உங்கள் சம்பளம் மணிக்குச் சரியாக 100 ரூபாய். பொழுதுபோக்கு என்ற அளவில் 79 ரூபாய் அருமையான வருமானம். பெரும்பாலோர் பொழுதுபோக்குக்குக் கைக்காசு செலவழிக்கிறார்கள். குடும்பம் நடத்தும் தொழில் என்று பார்த்தால்தான் இது போதாது.

பரண் காலியாகவே இருக்கிறது, ஒரு சைக்கிளுக்கு முழுசாக 2,842 ரூபாய் நிற்கிறது என்றே வைத்துக்கொள்வோம். கடை போட்டால் மாதம் எவ்வளவு வேண்டும்? சம்பளத்துக்கு ஈடாக 20,800. நிறுவனம் உங்கள் பி.எஃப். கணக்கில் போடும் 1,800, கடை வாடகை 7,000, மின்சாரத்துக்கு 1,000, நகைக்கடனுக்கு 12 சதவீதம் என்றால் வட்டி 2,000. மொத்தம் 32,600. மாதம் பதினொன்றிலிருந்து பன்னிரண்டு சைக்கிள்கள் விற்றாக வேண்டும். நேரம் போதும், 184 மணிதான் ஆகிறது. ஆனால் ஆண்டு முழுக்கத் தேடிப் பத்தொன்பது பேரைப் பிடித்த நீங்கள், இனி மாதம் பன்னிரண்டு பேரை எங்கிருந்து கொண்டுவருவீர்கள்? உங்கள் கடிதத்தில் இதற்குப் பதில் இல்லை. கடை திறந்தால் ஆள் தானாக வரும் என்பது நம்பிக்கை. அதை வைத்து நகையை அடகு வைக்க முடியாது. ஓராண்டில் அசலும் வட்டியும் சேர்த்து மொத்தமாகக் கட்ட வேண்டிய நகைக்கடன்தான் பெரும்பாலும் கிடைக்கும். உங்கள் பணமோ ரிம்மாகவும் ஃபிரேமாகவும் கிடக்கும். கெடு வரும் நாளில் ரிம்மை வங்கி வாங்கிக்கொள்ளாது.

இந்தக் கணக்கில் நான் ஈ.எஸ்.ஐ.யைச் சேர்க்கவில்லை. மொத்தச் சம்பளம் 21,000-க்குள் இருப்பதால் அந்தப் பாதுகாப்பு உங்களுக்கு இருக்கிறது. வேலையை விட்டால் குடும்பத்தின் மருத்துவச் செலவு உங்கள் கைக்கு வரும். அம்மாவின் வயதையும் நினைத்துப் பாருங்கள். இன்னொன்று: 5 ஆண்டு நிறைந்தால் பணிக்கொடை கிடைக்கும். 18,200-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, 5 ஆண்டால் பெருக்கினால் 52,500 ரூபாய். இன்னும் பத்து மாதம்தான். ஓராண்டு சைக்கிள் லாபம் என்று நீங்கள் நினைத்த தொகைக்கு ஏறக்குறைய சமமான பணத்தை, பத்து மாதம் பொறுக்காமல் விட்டுவிட்டு வருவீர்களா?

என்ன செய்யலாம்? முதலில், அடுத்த ஆறு மாதம் ஒரு பாகம்கூடப் புதிதாக வாங்காதீர்கள், முன்பணம் கொடுத்த வாடிக்கையாளரின் சைக்கிளுக்கு அன்றி. பரணில் இருப்பதை வைத்து என்ன செய்ய முடியுமோ அதைச் செய்யுங்கள். பொருந்தாததை மற்ற சைக்கிள் கடைகளுக்கு வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள். சைக்கிள் பாகங்கள் தயாராகும் லூதியானாவிலிருந்து மொத்தமாக வாங்கினால் மலிவு என்று யாராவது ஆசை காட்டுவார்கள். மொத்தமாக வாங்கினால் மலிவுதான், விற்கும் வரைக்கும்.

அடுத்து, விற்பனையைவிடச் சர்வீஸில் கவனம் வையுங்கள். உங்களிடம் உண்மையில் விலைபோவது கைத்திறன். ஓவராயிலிங், வீல் கோட்டம் எடுப்பது, பால்ரஸ் மாற்றுவது ஆகியவற்றைத் தெருவுக்கு ஒரு கடை செய்யும். கியர் இண்டெக்ஸ் சரிசெய்வதும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கில் காற்று எடுப்பதும் எல்லோருக்கும் கைவராது. கல்லூரி மாணவர்கள் நிறைந்த ஊரில் இப்படிப்பட்ட சைக்கிள்கள் பழுதாகி மூலையில் சாய்ந்து நிற்கின்றன. சர்வீஸில் சரக்கு தேங்காது, கூலி அன்றே கைக்கு வரும், கடையும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசல் போதும். வீட்டு உரிமையாளரிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

விற்பனைக்கும் பருவம் இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் படிப்பை முடித்துக் கிளம்பும் மாணவர் சைக்கிளை ஊருக்கு எடுத்துப்போக மாட்டார். வந்த விலைக்குக் கொடுப்பார். ஜூலை, ஆகஸ்டில் புதிதாக வருபவருக்குச் சைக்கிள் வேண்டும். அந்த இரண்டு மாத இடைவெளியில் நான்கைந்து சைக்கிள்களைத் தயார் செய்து விற்றால், ஆண்டு முழுக்க அலைவதைவிட அதிகம் நிற்கும். வாங்கும்போது கிராங்குக்கு அடியில் இருக்கும் ஃபிரேம் எண்ணைக் குறித்து, விற்பவரின் அடையாள அட்டை நகலில் கையெழுத்து வாங்குங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆவது பிரிவு உங்கள் மீதும் பாயும். அரசு மாணவர்களுக்குக் கொடுக்கும் விலையில்லா மிதிவண்டி மலிவாக வந்தால் வாங்காதீர்கள்.

வரி விஷயம் எளிது. லாபம் வைத்து விற்கவே வாங்குவதால் இது வியாபார வருமானம். பொழுதுபோக்கு என்று பெயர் வைத்தால் மாறிவிடாது. ஆனால் ஆண்டுச் சம்பளம் 2,49,600-உடன் 54,000-ஐச் சேர்த்தாலும் புதிய வரி முறையின் 4 லட்சம் வரம்பைத் தொடவில்லை. வரி இல்லை. இருந்தாலும் கணக்குத் தாக்கல் செய்யுங்கள். பிற்காலத்தில் சிறு தொழிலுக்கான முத்ரா கடன் கேட்டுப் போனால் வங்கி முதலில் கேட்பது அதைத்தான். சம்பளக்காரரின் ஐ.டி.ஆர்.-1 படிவம் இனி உங்களுக்குப் பொருந்தாது, ஐ.டி.ஆர்.-4 பாருங்கள். சைக்கிள் பணத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்கி, வரவெல்லாம் யு.பி.ஐ. மூலம் அதில் விழச் செய்யுங்கள்.

தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். சித்தூர்தான் உங்களுக்கு வம்பு. காட்பாடியிலிருந்து பார்த்தால் பக்கத்து ஊர், சட்டத்துக்கு அது வேறு மாநிலம். மாநிலம் தாண்டிப் பொருளை அனுப்பி விற்றால் 40 லட்சம் வரம்பு உதவாது. ஒரு சைக்கிளாக இருந்தாலும் பதிவு கட்டாயம். சித்தூருக்குப் பார்சல் போடாதீர்கள். பதிவு இல்லாத வரை யாரிடமும் ஜி.எஸ்.டி. என்று சொல்லி ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது.

350 வாட் மோட்டாருக்கு மறுத்துவிடுங்கள். 250 வாட்டுக்குள், மணிக்கு 25 கி.மீ. வேகத்துக்குள் இருந்தால்தான் மோட்டார் வாகனக் கணக்கிலிருந்து தப்பும்; அதற்கும் அங்கீகாரச் சான்று வேண்டும். மீறினால் பதிவு, காப்பீடு, ஓட்டுநர் உரிமம் எல்லாம் தேவைப்படும். விபத்து நடந்தால் பொருத்தியவர் யார் என்றுதான் முதலில் தேடுவார்கள். இதே காரணத்துக்காக, வெட்டி வெல்டிங் வைத்த முன் ஃபோர்க்கையும் விற்காதீர்கள். வேலை நியமன உத்தரவையும் ஒருமுறை எடுத்துப் படியுங்கள். வெளியே வேறு தொழில் செய்யக் கூடாது என்று நிபந்தனை இருந்தால், மனிதவளப் பிரிவில் எழுத்து மூலம் அனுமதி கேட்பது நல்லது.

கடைசியாகத் தாத்தாவின் ராலே. அது குடும்பத்தின் சொந்த உபயோகப் பொருள், விற்கவென்று வாங்கியதல்ல. அதனால் 18,000 முழுவதும் உங்களுக்கே, மூலதன ஆதாய வரி இல்லை. விலையும் மோசமில்லை. விற்பதும் வைத்திருப்பதும் உங்கள் வீட்டார் முடிவு. அந்தப் பணத்தில் இன்னும் நான்கு கியர் செட் வாங்கலாம் என்று ஒரு கணக்கு மனதில் ஓடிக்கொண்டிருந்தால் மட்டும், விற்காதீர்கள்.