மறு எண்ணிக்கை: மதுரையா, ராமநாதபுரமா?

கேள்வி: திருவாடானை ஒன்றியத்தில் எங்கள் ஊராட்சித் தலைவர் தேர்தலில் அண்ணன் 7 ஓட்டில் தோற்றார். மறு எண்ணிக்கை கேட்டோம், வாய்மொழியாகவே மறுத்துவிட்டார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாமா?
– வாசகர், தொண்டி

பதில்: மதுரைக்கு அலைய வேண்டாம். அரசியல் சாசனத்தின் 243-ஓ பிரிவு தேர்தல் மனு என்ற ஒரு வழியைத்தான் விட்டுவைத்திருக்கிறது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 258-ஆம் பிரிவுப்படி, முடிவு வெளியானதிலிருந்து 45 நாளுக்குள் அதை மாவட்ட நீதிபதியிடம் போட வேண்டும். உங்களுக்கு ராமநாதபுரம். ரிட் போட்டு, அது தள்ளுபடியாகி வருவதற்குள் கெடு தாண்டிவிடும். (தொண்டி பேரூராட்சி, ராமேஸ்வரம் நகராட்சி வார்டுகள் என்றால் சட்டமே வேறு.)

மறு எண்ணிக்கைக் கோரிக்கையை, முடிவுத் தாளில் தேர்தல் அதிகாரி கையெழுத்துப் போடும் முன், காரணத்தோடு எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். எழுதித் தராததால் மட்டும் மனு செத்துவிடாது. ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அதைத்தான் பிடிப்பார்.

வித்தியாசம் குறைவு என்பதற்காகப் பெட்டியைத் திறக்க மாட்டார்கள். உச்ச நீதிமன்றத்தின் 1964 ராம் சேவக் யாதவ் தீர்ப்பு முதல் இதே கதைதான். 'முறைகேடு நடந்தது' என்ற வரிக்கு மதிப்பில்லை. எந்த வாக்குச்சாவடி, எந்த மேஜை, எத்தனையாவது சுற்று, எத்தனை சீட்டு, என்ன குறை என்று எழுதுங்கள். கணக்கையும் பாருங்கள்: உங்கள் ஓட்டைச் செல்லாது என்று ஒதுக்கினால் வித்தியாசம் 1 மாறும், எதிராளியின் சீட்டுக் கட்டோடு சேர்த்திருந்தால் 2. அப்படிக் கட்டு மாறிய 4 சீட்டைக் காட்டினால் உங்கள் 7 உடைந்துவிடும். மடித்ததால் முத்திரை மை எதிர்ப்பக்கத்தில் ஒட்டிய சீட்டுகளைத் தேடுங்கள். ஒட்டிய தடம் மங்கலாக, இடவலம் மாறித் தெரியும். அது இரண்டாவது ஓட்டு அல்ல.

வாக்குப்பதிவு முடிந்ததும் முகவருக்குத் தந்த சீட்டுக் கணக்கின் நகல் இருக்கிறதா? பெட்டியில் எண்ணியது அதைவிடக் கூடினால், அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. முகவர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர் என்றால் அவர் குறித்து வைத்த தாளை இன்றே வாங்கி வையுங்கள். அண்ணனையே வென்றவராக அறிவிக்கக் கேட்டால் போட்டியிட்ட எல்லோரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள்.

கேள்வி: எண்ணும்போது அதிகாரியே சீட்டில் கோடு போட்டுச் செல்லாததாக்கினால்?
– வாசகி, மண்டபம்

பதில்: 2024 ஜனவரியில் சண்டிகர் மேயர் தேர்தலில் அதுதான் நடந்தது. 8 சீட்டு. கேமராவில் பதிவாகியிருந்ததால் உச்ச நீதிமன்றம் பிப்ரவரி 20 அன்று அவற்றைச் செல்லும் என்று எண்ணி, தோற்றதாக அறிவிக்கப்பட்டவரையே மேயராக்கியது. அது உச்ச நீதிமன்றத்தின் தனி அதிகாரம். மாவட்ட நீதிமன்றத்தில் அந்த வேகம் வராது. போலீஸ் புகார் கொடுக்கலாம், ஆனால் அது முடிவை மாற்றாது. வீடியோவை அழிக்கக் கூடாது என்று கலெக்டருக்கும் மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கும் மறுநாளே பதிவுத் தபால் அனுப்புங்கள். சீல் வைத்த சீட்டுகளைப் பாதுகாக்க இடைக்கால உத்தரவையும் மனுவோடு சேர்த்தே கேளுங்கள்.