மசக்கைக்கு இஞ்சி: எவ்வளவு, எப்படி?

கேள்வி: எனக்கு 8 வாரக் கர்ப்பம். நாள் முழுக்கக் குமட்டுகிறது. தினமும் இரண்டு மூன்று முறை வாந்தி. மாத்திரை போடப் பயமாக இருக்கிறது. இஞ்சிச் சாறு குடி என்கிறார்கள். மணிக்கட்டில் கட்டும் பட்டை ஒன்றும் வாங்கித் தந்திருக்கிறார்கள். இதெல்லாம் பலன் தருமா? குழந்தைக்கு ஆகாமல் போய்விடாதே?

பதில்: மருந்தில்லா வழிகளில் ஆய்வு ஆதாரம் கூடுதலாக இருப்பது இஞ்சிக்குத்தான். ஆனால் அது குமட்டலைக் குறைக்கும் அளவுக்கு வாந்தியைக் குறைப்பதில்லை. இது தெரியாமல், வாந்தி நிற்கவில்லையே என்று அளவைக் கூட்டிக்கொண்டே போகிறவர்கள் நிறைய. ஆய்வுகளில் பெரும்பாலும் கொடுத்துப் பார்த்த அளவு, நாளுக்கு 1 கிராம் சுக்குத்தூள். அதையும் 250 மில்லிகிராமாக நான்கு வேளை. தலைதட்டிய அரை டீஸ்பூன் தூள் ஏறக்குறைய 1 கிராம் இருக்கும். காலையிலேயே அதை ஒரு காகிதத்தில் கொட்டி நான்கு பங்காகப் பிரித்து வைத்துவிடுங்கள். ஒரு பங்கை வெந்நீரில் கலக்கி, ஆறவிட்டு, மடக்கு மடக்காகக் குடியுங்கள். சூடான ஆவியின் வாசனையே சிலருக்குக் குமட்டும்.

பச்சை இஞ்சிச் சாற்றை வெறும் வயிற்றில் குடிக்க வேண்டாம். அது நெஞ்செரிச்சலைக் கிளப்பும். எரிச்சல் வந்தால் குமட்டலும் ஏறும். படுக்கையை விட்டு எழுவதற்கு முன் இரண்டு பிஸ்கட்டோ ரஸ்கோ தின்று, கால் மணி நேரம் கழித்து இஞ்சி நீர் குடிப்பது நல்லது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

மணிக்கட்டில் ஒரு புள்ளியை அழுத்தும் அந்தப் பட்டையால் தீங்கில்லை. பலன் பற்றிய ஆய்வு முடிவுகள் கலவையானவை. ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் புள்ளியை விட்டு வேறு இடத்தில் அழுத்தியபோதும் சிலருக்குக் குணம் தெரிந்திருக்கிறது. கட்டிப் பார்ப்பதென்றால் சரியான இடத்தில் கட்டுங்கள். உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, மணிக்கட்டு மடிப்பின் மேல் மறுகையின் மோதிர விரலை வையுங்கள். நடுவிரலையும் ஆள்காட்டி விரலையும் முழங்கைப் பக்கமாக ஒட்டி வையுங்கள். ஆள்காட்டி விரலை அடுத்து, இரண்டு தசைநாண்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில்தான் பட்டையின் குமிழ் பதிய வேண்டும். பலரும் கைக்கடிகாரம் போல மடிப்பின் மேலேயே கட்டிவிடுகிறார்கள். விரல் மரத்தாலோ வீங்கினாலோ தளர்த்திவிடுங்கள்.

எலுமிச்சையை முகர்ந்து ஆறுதல் கிடைத்தால் தாராளமாக முகரலாம். வாசனை எண்ணெய்களைக் குடிக்கவே கூடாது. என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத மூலிகைக் கலவைகளையும் இந்த மாதங்களில் தொடாதீர்கள்.

மாத்திரைப் பயத்துக்கு வருகிறேன். வைட்டமின் பி6 (வேளைக்கு 10 முதல் 25 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை), தேவைப்பட்டால் அதனுடன் டாக்ஸிலமைன் என்னும் ஒவ்வாமை மருந்து: மசக்கைக்கு முதலில் தரும் மருந்து இதுதான். இந்தக் கூட்டு மருந்து வழக்குகளால் 1983-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. பிறவிக் குறைபாட்டை அது கூட்டவில்லை என்று பெரிய ஆய்வுகள் காட்டிய பின், 2013-இல் அங்கே மீண்டும் அனுமதி கிடைத்தது. மருத்துவர் சொல்லும் அளவில் போடுங்கள். பி6 அளவு மீறி நெடுநாள் போனால் நரம்பைப் பாதிக்கும். நீங்கள் போடும் சத்து மாத்திரையிலும் பி6 இருக்கிறதா என்று பாருங்கள். இரும்புச்சத்து மாத்திரை குமட்டலைக் கூட்டும்; அதைச் சில வாரம் தள்ளிப்போடலாமா என்றும் கேளுங்கள். ஃபோலிக் அமிலத்தை மட்டும் நிறுத்தாதீர்கள்.

இஞ்சியை நான்கைந்து நாள் பாருங்கள். குறையாவிட்டால் மருந்துக்கு மாறுவதில் தயக்கமே வேண்டாம். 24 மணி நேரமாகத் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை, 8 மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, வாந்தியில் ரத்தம், காய்ச்சல், வயிற்றுவலி, கர்ப்பத்துக்கு முந்தைய எடையில் 5 சதவீதம் குறைவு: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். வாரக்கணக்கில் வாந்தி எடுத்து உடல் தளர்ந்தவருக்குக் குளுக்கோஸ் ஏற்றும் முன் தயாமின் (வைட்டமின் பி1) கொடுக்க வேண்டும். இல்லையென்றால் மூளை பாதிக்கப்படலாம். எத்தனை நாளாகச் சாப்பாடு தங்கவில்லை என்பதைப் போனவுடனே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.